ஞாயிறு காலை உங்கள் பிள்ளை எங்கே போகும்?

கேள்வி: எனக்கு வயது 28. நீர்கொழும்பு, தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். நான் கட்டப்போகிறவர் குருநாகலைச் சேர்ந்த சிங்கள பௌத்தர். இரண்டு வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் பேசப் பேசச் சிக்கல் கூடுகிறது. கோயிலில் கல்யாணம் என்றால் ஆயரின் அனுமதி வேண்டும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பதாக நான் வாக்குக் கொடுக்க வேண்டும் என்று பங்குத்தந்தை சொன்னார். இதை நான் கட்டப்போகிறவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவருடைய அம்மாவுக்குப் போருவ (சிங்களவரின் மணமேடைச் சடங்கு) கட்டாயம் வேண்டுமாம். அவரோ, “முதலில் பதிவை முடிப்போம், பதிந்துவிட்டால் நாம் புருஷன் பெண்சாதிதானே” என்கிறார். முதல் 2 வருடம் பிள்ளை வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். அவர் லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போடச் சொல்கிறார். எங்கள் சபை அதை ஏற்காது. இயற்கை முறை எனக்குச் சரிவருமா? கடந்த 6 மாதவிடாய்ச் சுற்றுகள் 26, 29, 31, 28, 33, 30 நாட்கள். அவர் ஒவ்வொரு போயாவுக்கும் (பௌர்ணமி நாள்) அம்மாவோடு பன்சலைக்கு (பௌத்த விகாரை) போய் சில் எனும் எட்டு ஒழுக்க விதிகளை அனுட்டிப்பவர். அன்று கணவன் மனைவி சேரக்கூடாது என்பது உண்மையா? அவர்கள் சமயத்தில் குடும்பக் கட்டுப்பாடு பாவமில்லையா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

லூப்பும் போருவவும் போயாவும் பேசித் தீர்க்கக்கூடிய விஷயங்கள். நீங்கள் அவரிடம் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களே, அந்த வாக்குதான் இதில் பெரியது. இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பதிவுக்குப் பிறகு அவர் அதை வேறு யார் வாயிலாகவோ கேட்டால், வாக்கைவிட நீங்கள் மறைத்ததுதான் அவருக்கு வலிக்கும். அதோடு, அவரிடம் சொல்வது திருச்சபையே கேட்கும் ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டு பேசுங்கள். ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணப்பது திருச்சபைச் சட்டத்தின் 1086ஆம் பிரிவின்படி தடை. ஆயரிடமிருந்து விதிவிலக்கு கிடைக்காவிட்டால் அந்தத் திருமணம் செல்லாது. விதிவிலக்குக்கான நிபந்தனைகள் 1125ஆம் பிரிவில் இருக்கின்றன. உங்கள் விசுவாசத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளை விலக்கத் தயார் என்று நீங்கள் அறிவிக்க வேண்டும். பிள்ளைகள் எல்லோருக்கும் ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க ‘என்னால் இயன்ற எல்லாம் செய்வேன்’ என்று மனதார வாக்களிக்க வேண்டும். அந்த வாக்கும் அதன் பொறுப்பும் என்ன என்பது உரிய நேரத்தில் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். திருமணத்தின் நோக்கமும் அடிப்படைப் பண்புகளும் இருவருக்கும் விளக்கப்பட வேண்டும்.

இங்கே பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. வாக்குக் கொடுப்பது நீங்கள் மட்டும்தான், அவர் எந்த வாக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அவர் சமயம் மாறவும் வேண்டியதில்லை. கல்யாணத்துக்காக மட்டும் பெயருக்கு ஞானஸ்நானம் பெறலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது இரண்டு சமயத்துக்கும் மரியாதையில்லை. மற்றது, ‘இயன்ற எல்லாம்’ என்பது உத்தரவாதப் பத்திரம் அல்ல. பிள்ளை இரண்டு பேருடைய பிள்ளை என்பது திருச்சபைக்கும் தெரியும். நாளை அவர் உறுதியாக மறுத்து, நீங்கள் உண்மையாக முயன்றும் நடக்காமல் போனால், அதனால் திருமணம் செல்லாததாகிவிடாது. ஆனால் வளர்க்கும் எண்ணமே இல்லாமல் கையெழுத்துப் போடுவது பொய் வாக்கு.

அவரிடம் பேசும்போது “பிள்ளை எந்தச் சமயம்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு பேரும் “பிறகு பார்ப்போம்” என்பீர்கள். “ஞாயிறு காலை பிள்ளை எங்கே போகும்?” என்று கேளுங்கள். பன்சலையில் தஹம் பாசல் எனும் பௌத்த அறநெறி வகுப்பு நடப்பது ஞாயிறு காலை. உங்கள் பங்கில் திருப்பலியும் மறைக்கல்வியும் அதே ஞாயிறு காலை. ஒரு பிள்ளை இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. பாடசாலையில் சமயம் ஒரு பாடம். எந்தச் சமயப் பாடத்துக்குப் பிள்ளை போகும் என்று முதலாம் ஆண்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். சில பாடசாலைகளில் அனுமதியின்போதே சமயம் கணக்கில் வரும். பிள்ளைக்குப் பெயர் வைப்பது, கழுத்தில் சிலுவையா கையில் பிக்குகள் ஓதிக் கட்டும் பிரித் நூலா, பாட்டியோடு விகாரைக்குப் போனால் பூ வைத்து வணங்கலாமா என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேசுங்கள். மூன்று நான்கு தடவை உட்கார வேண்டிவரும். ஒரே இரவில் முடிக்கப் பார்த்தால் சண்டையில்தான் முடியும்.

இந்தப் பேச்சு முடியும்வரை பதிவு வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். உங்களுடையது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் திருமணம். விவாகப் பதிவாளர் முன் கையெழுத்திட்ட அந்த நிமிடமே நாட்டுச் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. அவர் சொல்வது அந்த அளவில் சரிதான். பௌத்தத்தில் திருமணம் உங்கள் சபையில்போல் திருவருட்சாதனம் (புனிதச் சடங்கு) அல்ல, இரண்டு பேரும் இரண்டு குடும்பமும் செய்துகொள்ளும் உலகியல் ஒப்பந்தம். பிக்கு திருமணம் செய்துவைப்பதில்லை. பதிவு முடிந்து பெரியவர்கள் ஏற்றுக்கொண்டால் அவர் மனசாட்சிக்கு அது முழுத் திருமணம். உங்கள் சபைக்கோ, உரிய முறையில் கோயிலிலோ ஆயர் விலக்கு அளித்த வேறு முறையிலோ சம்மதம் தெரிவிக்கும்வரை திருமணம் நடக்கவே இல்லை. பதிவுக்கும் கோயில் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் அவர் உங்களை மனைவியாக நினைப்பார், நீங்கள் நிச்சயிக்கப்பட்ட பெண்ணாக நினைப்பீர்கள். உடலுறவு பற்றிய முதல் மனக்கசப்பு பல கலப்புத் தம்பதியருக்கு இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது. அதோடு, பதிந்த பிறகு மனம் மாறினால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பிறர் உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு என்ற மூன்றில் ஒன்றை அங்கே நிரூபிக்க வேண்டும். ‘சமயம் ஒத்துவரவில்லை’ என்பது அந்த மூன்றிலும் இல்லை.

போருவ பற்றி நீங்கள் இவ்வளவு பயப்படத் தேவையில்லை. அது சிங்களக் குடும்ப வழக்கம். வெற்றிலை கொடுப்பது, சுண்டுவிரல்களை நூலால் கட்டி கெண்டி எனும் மூக்குள்ள செம்பிலிருந்து நீர் வார்ப்பது, மணமகளுக்குச் சேலை கொடுப்பது, சிறுமிகள் ஜயமங்கல காதா எனும் பாளி வாழ்த்துப் பாடல் பாடுவது எல்லாம் அதில் உண்டு. நடத்துபவர் இல்லறத்தார், பிக்கு அல்ல. சிங்களக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவும் விருந்து மண்டபத்தில் போருவ வைப்பதுண்டு. திருச்சபைச் சட்டத்தின் 1127ஆம் பிரிவு தடுப்பது, அதே திருமணச் சம்மதத்தைக் கொடுக்கவோ புதுப்பிக்கவோ இன்னொரு சமயச் சடங்கு நடத்துவதை. போருவவில் சம்மத வாக்கு சொல்லப்படுவதில்லை. ஆனாலும் காதா பாடல் பௌத்த வழிபாட்டைச் சேர்ந்தது, ஆகவே என்னென்ன அங்கம் இருக்கும் என்று எழுதிக்கொண்டு போய்ப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே காட்டுங்கள். அழைப்பிதழைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விட்டால்தான் கடைசி நேரத்தில் பிரச்சினை வரும். கோயில் சடங்கு பொதுவாகத் திருப்பலி இல்லாமல், இறைவார்த்தை வழிபாட்டோடு நடக்கும். அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம், மாப்பிள்ளை வீட்டார் நற்கருணை நேரத்தில் விலகி உட்கார வேண்டிய சங்கடம் இருக்காது. உங்கள் திருமணம் திருச்சபையின் பார்வையில் செல்லுபடியாகும் திருமணம். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இல்லாததால் அது திருவருட்சாதனம் ஆகாது, அவ்வளவுதான்.

இனி குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வருவோம். உங்கள் இருவரின் சமயங்களும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்வதாக நினைக்கிறீர்கள். உண்மையில் இரண்டும் கேட்பது வேறு வேறு கேள்வி. கத்தோலிக்க போதனை அந்த உடலுறவையே பார்க்கிறது: அன்பால் இணைவதும் உயிருக்கு வழி திறந்திருப்பதும் அதில் பிரிக்கப்படாமல் இருக்கிறதா? 1968 ஜூலை 25இல் பாப்பரசர் ஆறாம் பவுல் கையெழுத்திட்ட ‘உமானே வித்தே’ சுற்றுமடல் மாத்திரை, ஆணுறை, லூப், கருத்தடைச் சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் மறுத்தது இந்தக் காரணத்தால். அதே மடல் பொறுப்புள்ள பெற்றோராக இருப்பதைப் பாராட்டுகிறது. தக்க காரணம் இருந்தால் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடலாம், கருத்தரிக்காத நாட்களைப் பயன்படுத்தலாம் என்கிறது. ‘கத்தோலிக்கர் வீடு நிறையப் பிள்ளை பெற வேண்டும்’ என்று உங்கள் மாமி பயந்தால் இதைச் சொல்லுங்கள். எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கணவனும் மனைவியும்தான், சபை கேள்வி எழுப்புவது முறையைப் பற்றி.

பௌத்தம் கேட்பது: ஓர் உயிர் கொல்லப்பட்டதா, யாருக்காவது தீங்கு நேர்ந்ததா? பௌத்த மறைநூலான மஜ்ஜிம நிகாயத்தின் 38ஆம் சூத்திரம் கருத்தரிக்க மூன்று சேர வேண்டும் என்கிறது: தாய் தந்தை கூட்டு, தாயின் கருவுறும் காலம், கந்தப்பம் எனப்படும், பிறக்க வரும் உயிர். மூன்றும் சேர்ந்தபின்தான் அங்கே உயிர். சேராமல் தடுப்பது கொலை அல்ல, ஆகவே முதல் சீலம் (கொல்லாமை எனும் ஒழுக்க விதி) மீறப்படவில்லை. இல்லறத்தாருக்கான சிகாலோவாத சூத்திரம் பெற்றோருக்கு ஐந்து கடமைகள் சொல்கிறது: தீமையிலிருந்து தடுப்பது, நன்மையில் நிறுத்துவது, தொழில் கற்பிப்பது, தக்க துணை தேடிக் கொடுப்பது, உரிய காலத்தில் சொத்தை ஒப்படைப்பது. இத்தனை பிள்ளை பெற வேண்டும் என்பது அதில் இல்லை. அதே சூத்திரம் கணவனுக்குச் சொல்லும் ஐந்தில் மனைவியை மதிப்பதும், அவமதிக்காமல் இருப்பதும், துரோகம் செய்யாமல் இருப்பதும் வருகின்றன. மூன்றாம் சீலமான ‘காமேசு மிச்சாசாரா’ பிறருக்கு உரியவரை நாடுவதைத் தடுக்கிறது, கணவன் மனைவி உறவை அல்ல. ஆகவே அவர் லூப் என்று சொன்னது அலட்சியத்தால் அல்ல, அவருடைய அறத்தில் அதற்குத் தடையில்லை. கருத்தடை இனத்தைக் குறைக்கும் சதி என்று நம் நாட்டில் அவ்வப்போது கிளப்பப்படும் பேச்சு அரசியல், பௌத்த போதனை அல்ல.

கருக்கலைப்பில் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள். கரு தங்கியபின் அழிப்பது அவருக்கு முதல் சீலத்தை மீறுவது, உங்களுக்கும் கடும் பாவம். நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 303ஆம் பிரிவும் தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதிக்கிறது. இந்த உடன்பாட்டை அவரிடம் எடுத்துக் காட்டுங்கள், பேச்சுக்கு நல்ல தொடக்கம். லூப் கருவைக் கலைக்குமா என்று அவர் தயங்கினால்: செப்பு லூப் முதன்மையாக விந்தணுவைச் செயலிழக்கச் செய்து கருக்கட்டலையே தடுக்கிறது. கருக்கட்டிய முட்டை பதிவதையும் சிலவேளை தடுக்கக்கூடும் என்ற ஐயம் கத்தோலிக்க ஒழுக்கவியலாரிடம் உண்டு. உங்களுக்கு அது இரண்டாவது ஆட்சேபம்.

இயற்கை முறை உங்களுக்குச் சரிவருமா? உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். முதலில் ஒன்று: வெளியே விடுவதை இயற்கை முறை என்று பலர் நினைக்கிறார்கள். சபை அதை ஏற்பதில்லை, ஒரு வருடத்தில் அதை நம்பும் 100 பேரில் 20 பேர் அளவில் கருத்தரிக்கிறார்கள். நாட்காட்டிக் கணக்கில், குறைந்த சுற்றிலிருந்து 18ஐயும் கூடிய சுற்றிலிருந்து 11ஐயும் கழிக்க வேண்டும். உங்களுக்கு 26 − 18 = 8, 33 − 11 = 22. இரத்தம் கண்ட முதல் நாளை 1 என்று எண்ணினால் 8ஆம் நாள் முதல் 22ஆம் நாள் வரை, 15 நாட்கள் விலக வேண்டும். இரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணத் தொடங்குவதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை. 8 முதல் 19 வரை மட்டும் விலகும் ‘நிலையான நாட்கள்’ முறை 26 முதல் 32 நாள் சுற்றுக்காரருக்கு உரியது. உங்கள் 33 ஏற்கெனவே வெளியே நிற்கிறது, வருடத்தில் இன்னொரு தடவை அப்படி வந்தால் அந்த முறையைக் கைவிட வேண்டும்.

ஆகவே நீங்கள் கற்க வேண்டியது கசிவையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை. இரண்டு தசமம் காட்டும் வெப்பமானி வாங்குங்கள். காலையில் கண் விழித்ததும், கட்டிலை விட்டு எழுமுன், ஒரே நேரத்தில் வாயில் வைத்துப் பாருங்கள். அதற்குமுன் குறைந்தது 3 மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருக்க வேண்டும். கருப்பைக் கழுத்திலிருந்து வரும் கசிவை ஒவ்வொரு தடவை கழிவறை போகும்போதும் கவனித்து இரவில் எழுதுங்கள்: வறட்சி, ஒட்டும் தன்மை, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல் இழுபடும் வழுவழுப்பு. அந்த வழுவழுப்பு இருந்த கடைசி நாள்தான் உச்ச நாள், அது மறுநாள்தான் தெரியும்.

இப்படி எழுதிய ஓர் அட்டையைப் பார்ப்போம். சுற்றின் 11ஆம் நாள் முதல் 16 வரை வெப்பம் (செல்சியஸ் பாகையில்) 36.40, 36.45, 36.35, 36.40, 36.45, 36.40. உச்ச நாள் 15. 17ஆம் நாள் 36.60, 18இல் 36.65, 19இல் 36.70. தொடர்ந்து மூன்று நாள் வெப்பம் முந்திய ஆறு நாட்களையும்விடக் கூடியிருக்க வேண்டும், மூன்றாவது அந்த ஆறில் மிகக் கூடியதைவிட 0.2 பாகையாவது மேலே இருக்க வேண்டும். 36.45க்கு 36.70, சரி. உச்ச நாளுக்குப் பின் மூன்றாம் நாள் 18, வெப்பத்தின் மூன்றாம் நாள் 19. எது பிந்தியதோ அதுவே கணக்கு: 19ஆம் நாள் மாலை முதல் அடுத்த மாதவிடாய் வரை பாதுகாப்பு. சுற்றின் தொடக்கத்தில், புதிதாகக் கற்பவர் முதல் 5 நாளை மட்டும் நம்பலாம், அதுவும் கசிவு தெரியாவிட்டால். விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடிருக்கும் என்பதே காரணம்.

சரியாகச் செய்தால் இந்த முறையில் வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே கருத்தரிக்கிறார்கள், செப்பு லூப்பின் அளவு. ஆனால் காய்ச்சல், இரவுப் பணி, தூக்கக் குறைவு வெப்பத்தைக் குழப்பும். பூஞ்சைத் தொற்று கசிவைக் குழப்பும். கல்யாண அலைச்சல் முட்டை வெளிவருவதையே பின்தள்ளும். அதனால் திருமணத்துக்கு முன் குறைந்தது 3 சுற்றாவது, பயிற்சி பெற்ற ஒருவரிடம் கற்றபடி, எழுதிப் பழகுங்கள். உங்கள் மறைமாவட்டக் குடும்பநலப் பணியகத்தில் விசாரியுங்கள். விலகும் நாட்களில் ஆணுறை பயன்படுத்தலாமே என்று அவர் கேட்டால், அப்போது உங்கள் பாதுகாப்பு ஆணுறையின் அளவுக்கு இறங்கிவிடும், சபையும் ஏற்காது. அட்டையை நிரப்பும் வேலையை அவரிடம் கொடுங்கள். நீங்கள் எண்ணைச் சொல்ல அவர் புள்ளி வைக்கட்டும். மனைவி மட்டும் எழுதி மனைவி மட்டும் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் வீட்டில் இந்த முறை நிலைப்பதில்லை.

போயா பற்றிக் கேட்டீர்கள். எல்லா பௌத்தருக்கும் எல்லா போயாவிலும் தடை இல்லை. எட்டுச் சீலம் எடுப்பவருக்கு மூன்றாம் சீலம் ‘அப்ரஹ்மசரியா’ ஆகிறது, சீலம் காக்கும் நேரம் முழுவதும் உடலுறவே இல்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் ஆறு சுற்றின் சராசரி 29.5 நாள், பௌர்ணமிக்கும் பௌர்ணமிக்கும் இடைவெளியும் ஏறக்குறைய 29.5 நாள். உங்கள் பாதுகாப்பான பத்து நாளுக்குள் ஒரு தடவை போயா விழுந்தால், அடுத்த சில மாதமும் அங்கேயே விழக்கூடும். ஆகவே அதே அட்டையில் போயாவையும் குறியுங்கள். உங்கள் தவக்காலத்தில் உறவை விலக்கும் சட்டம் எதுவும் கிடையாது, இருவரும் விரும்பிச் செய்தால் உண்டு. பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 7ஆம் அதிகாரமும் அதைத்தான் சொல்கிறது: விலகுவதானால் இருவர் சம்மதத்தோடு, சிறிது காலத்துக்கு.

நீங்கள் முயன்றும் அவர் ஆணுறைதான் என்று நின்றால்? அப்போதும் உங்களுக்குக் கதவு மூடவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்காக 1997இல் வத்திக்கானின் குடும்பத்துக்கான திருப்பேரவை வெளியிட்ட கையேடு இந்த நிலைமையைப் பேசுகிறது. உங்கள் செயல் தன்னளவில் தவறாக இருக்கக்கூடாது, தக்க கனமான காரணம் இருக்க வேண்டும், பொறுமையோடும் அன்போடும் அவரிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சுமை உங்கள்மேல் ஏற்றப்படுவதில்லை. நீங்களே லூப் போட்டுக்கொள்வதும் மாத்திரை விழுங்குவதும் இதில் அடங்காது. நோய்க்காக மருத்துவர் கொடுக்கும் ஹோர்மோன் மாத்திரை வேறு. அது சிகிச்சை, ‘உமானே வித்தே’ 15ஆம் பத்தி அனுமதிக்கிறது.

உங்கள் தோழிகளில் அங்கிலிக்கனோ மெதடிஸ்தரோ இருந்தால் அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கிலிக்க ஆயர்களின் லம்பெத் மாநாடு 1930இலேயே கருத்தடைக்கு வரையறையோடு வழிவிட்டது, 1958இல் அதைப் பெற்றோரின் மனசாட்சிக்கு விட்டது.

பங்குத்தந்தையிடம் இனித் தனியாகப் போகாதீர்கள். உங்கள் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு 6 மாதமாவது இருக்கும்போது போங்கள், ஆயரில்லத்து அனுமதிக்கு நாள் எடுக்கும். உங்கள் புதிதாக எடுத்த ஞானஸ்நானப் பத்திரம், அவருடைய பிறப்புச் சான்றிதழ், அவர் மணமாகாதவர் என்பதற்கான அத்தாட்சி, போருவவின் அங்கங்களை எழுதிய தாள் இவற்றை எடுத்துச் செல்லுங்கள். அதே வாரத்தில், நாம் மிட்வைஃப் என்று சொல்லும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் இருவரும் போங்கள். தலசீமியா எனும் பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனை, ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்ற விசாரணை, கருத்தரிக்கத் திட்டமிடும் காலத்தில் ஃபோலிக் அமிலம் எல்லாம் அங்கே கிடைக்கும், இவற்றில் எதற்கும் இரண்டு சமயத்திலும் தடையில்லை.